சுரங்க மேட்டில் பச்சை திரும்புகிறதா? கிராஃப் குழப்பும்போது பார்க்க வேண்டியவை

நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் வெளியே வருவது மண்தான். 1957-இல் தோண்டத் தொடங்கிய முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆனது. நடுவில் அள்ளியதெல்லாம் மேல்மண். அந்த மண்ணைக் குழிக்குள்ளேயே திருப்பிக் கொட்டியோ, வெளியே மேடாகக் குவித்தோ, மேலே கன்று நட்டு, பச்சை திரும்புகிறதா என்று வருடாவருடம் பார்ப்பது தனி வேலை. பாதி செயற்கைக்கோள் படத்தில் நடக்கும், மீதி கடப்பாரையோடு வெயிலில்.

வேலையை ஏற்கெனவே தொடங்கி, என்.டி.வி.ஐ. கிராஃப் ஒன்றையும் போட்டுவிட்டு, "இது ஏன் இப்படி வருகிறது?" என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்.டி.வி.ஐ. என்பது அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண். இலை சிவப்பை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அதனால் இலை கூடக் கூட எண் 1-ஐ நோக்கி ஏறும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மரம் எது, புல் எது என்று அதற்குத் தெரியாது.

முதலில் மூன்று சாட்சி

எந்த அறிகுறியாக இருந்தாலும், உங்கள் மேட்டின் கிராஃபை மட்டும் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் சுரங்க வேலை தொடாத முந்திரித் தோப்பு ஒன்று, அப்புறம் வருடம் முழுக்க மாறாத ஏதாவது ஒன்று (பெரிய கூரை, கான்கிரீட் களம்), இவற்றுக்கும் அதே தேதிகளில் அதே கணக்கைப் போடுங்கள். மேடு இறங்கும்போது தோப்பும் இறங்கினால் காரணம் மழை, இல்லை வானம். கூரையும் சேர்ந்து இறங்கினால் காரணம் உங்கள் கணக்கு. மேடு மட்டும் இறங்கினால்தான் காலில் பூட்ஸை மாட்ட வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். தோப்பு இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை யாராவது வெட்டி மறுநடவு செய்தால் சாட்சியே போய்விடும்.

2022 ஜனவரி கடைசியில் கிராஃப் படாரென்று இறங்கியது, பிறகு ஏறவே இல்லை

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் படங்களை நேரடியாக இறக்கிக் கணக்குப் போட்டால் இது வரும். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் படங்களைத் தயாரிக்கும் முறையை மாற்றியது. அதன்படி ஒவ்வொரு பிக்சல் மதிப்பிலும் 1000 கூடுதலாக இருக்கும். பயன்படுத்துகிறவர்தான் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். அகச்சிவப்பு 3000, சிவப்பு 600 என்றால் என்.டி.வி.ஐ. 0.67. அதே செடி, அதே வெயில், ஆனால் மதிப்புகள் 4000, 1600 என்று வந்தால் 0.43. ஒரு தோட்டமே ஒரே வாரத்தில் கருகியது போலிருக்கும்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். வறட்சி, பூச்சி, மண் அமிலம் என்று மூன்று பக்கம் விளக்கம் எழுதி முடித்த பிறகுதான் கான்கிரீட் களத்தின் கிராஃபைப் பார்த்தேன். அதுவும் அதே நாளில் மாறியிருந்தது. கான்கிரீட்டுக்குப் பூச்சி வராது.

சரி, தீர்வு: 1000-ஐக் கழியுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் (படங்களை இறக்காமல் இணையத்திலேயே கணக்குப் போடும் தளம்) வேலை செய்தால் "ஹார்மனைஸ்டு" என்று பெயர் முடியும் சென்டினல் தொகுப்பை எடுங்கள்; அதில் அவர்களே கழித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டின் இரண்டாவது தொகுப்பிலும் இதே வகைக் கண்ணி உண்டு. பிக்சல் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு வரும். கழிக்காமல் போட்டால் நல்ல தோப்பு 0.7-க்குப் பதில் 0.3-இல் நிற்கும்.

ஒரு தேதி மட்டும் பள்ளம், அடுத்த படத்தில் சரியாகிவிடுகிறது

மேகம், இல்லையென்றால் மேகத்தின் நிழல். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது இல்லாத வாரமே இருக்காது. வழக்கமான வடிகட்டியைப் போட்டும் மேகம் வருகிறது என்றால், சென்டினல் படத்தோடு மேகத்தைக் குறித்துவரும் க்யூ.ஏ.60 என்ற பட்டையை நம்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எர்த் எஞ்சினில் 2022 ஜனவரி 25-இலிருந்து 2024 பிப்ரவரி வரை அது காலியாக வந்தது. காலி என்றால் "மேகம் இல்லை" என்று நிரல் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். அந்தக் காலத்துக்கு வேறு மேக வடிகட்டி போடுங்கள்.

இதன் தலைகீழ் இன்னும் விஷமமானது. புதிதாகக் கொட்டிய வெளிர் மணல் வெயிலில் கண் கூசும்படி இருக்கும். வடிகட்டி அதையே மேகம் என்று தூக்கிவிடும். மேட்டிலேயே மொட்டையான இடங்கள் கணக்கிலிருந்து காணாமல் போக, மிச்சமிருக்கும் பச்சையின் சராசரி உயரும். கிராஃப் அழகாக இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒவ்வொரு தேதியிலும் எத்தனை பிக்சல் கணக்கில் வந்தது என்று ஒரு வரி கூடவே போட்டு வையுங்கள். அந்த எண்ணிக்கை ஆடினால் சராசரியை நம்பாதீர்கள்.

செடியே இல்லாத கறுப்பு மண்ணில் பச்சை காட்டுகிறது

பழுப்பு நிலக்கரித் தூளும் கரிய களிமண்ணும் கலந்த இடத்தில் இது நடக்கும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வெளிர் மணல் சிவப்பில் 25 சதவீதம், அகச்சிவப்பில் 30 சதவீதம் திருப்பி அனுப்பினால் என்.டி.வி.ஐ. 0.09. கறுப்பு மண் 3 சதவீதமும் 5 சதவீதமும் அனுப்பினால் 0.25. இரண்டிலும் ஒரு புல்கூட இல்லை. போதாக்குறைக்கு, வளிமண்டலத் திருத்தத்தில் (நடுவிலுள்ள காற்றின் மங்கலைக் கழிக்கும் கணக்கு) சிவப்பு ஒரே ஒரு சதவீதம் குறைந்து 2 ஆகிவிட்டால் அதே கறுப்பு மண் 0.43-க்குத் தாவும். வகுத்தியில் சிறிய எண் நின்றால் சின்னப் பிழையும் பேயாட்டம் ஆடும்.

இந்த இடங்களில் மண்ணின் தாக்கத்தைக் குறைத்துக் காட்டும் எஸ்.ஏ.வி.ஐ. குறியீட்டைப் போடுங்கள். சூத்திரத்தின் வகுத்தியில் 0.5 சேர்த்து, விடையை 1.5-ஆல் பெருக்குவது. மேலே சொன்ன மணலுக்கு 0.07, கறுப்பு மண்ணுக்கு 0.05 வரும். இரண்டும் மொட்டை என்று ஒழுங்காகச் சொல்லும். அகச்சிவப்புப் பட்டையைத் தனியாகத் திறந்து பார்ப்பதும் நல்ல பழக்கம். அது இருட்டாக இருக்கும் இடத்தில் வரும் பச்சையை நம்பக் கூடாது.

மேட்டின் ஓரம் ஒரு படத்தில் பச்சை, அடுத்த படத்தில் வெளிர்

சுரங்க மேட்டுக்கே உரிய தொல்லை இது. செயற்கைக்கோள் நேர் கீழே பார்ப்பதில்லை. சென்டினல்-2 தன் பார்வைப் பரப்பின் விளிம்பில் சுமார் 10 பாகை சாய்ந்து பார்க்கிறது. அந்தச் சாய்வைச் சரிசெய்ய ஓர் உயர வரைபடம் வேண்டும். வரைபடம் எடுத்த பிறகு உங்கள் மேடு எழுந்திருந்தால், அதைப் பொறுத்தவரை அங்கே இருப்பது சமதரை. 60 மீட்டர் மேட்டின் உச்சி 10 பாகைச் சாய்வில் கிட்டத்தட்ட 11 மீட்டர் தள்ளி விழும். அதாவது ஒரு பிக்சல். பக்கத்துப் பாதையில் செல்லும் அடுத்த படத்தில் வேறு பக்கம் தள்ளி விழும்.

எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை வைத்து நிழல் திருத்தம் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அது 2000 பிப்ரவரியில் எடுத்தது. அன்றைக்குக் குழியாக இருந்த இடம் இன்றைக்கு மேடாக இருக்கலாம். திருத்தம் வெயில் பக்கத்தை இன்னும் வெளுக்க வைத்து, நிழல் பக்கத்தை இன்னும் இருட்டாக்கிவிடும். நான் பொதுவாகத் திருத்தமே செய்வதில்லை. மேட்டின் எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி அளப்பேன். ஒரே சுற்றுப்பாதைப் படங்களை மட்டும் ஒப்பிடுவேன். சரிவுகளைத் திசைவாரியாகப் பிரித்து, வடமேற்குச் சரிவை வடமேற்குச் சரிவோடு மட்டும் வைத்துப் பார்ப்பேன். டிசம்பரில் காலை பத்தரை மணி வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும். வடமேற்குச் சரிவு அப்போது இருட்டில் கிடக்கும்.

2012-இல் பெரிய குழி, 2013-இல் ஒரு தாவல்

கடலூர்ப் பக்கம் நீண்ட காலக் கிராஃப் போடுகிறவர்கள் எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள். மூன்று சங்கதிகள் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. 2011 நவம்பரில் லேண்ட்சாட் 5 படமெடுப்பதை நிறுத்தியது. டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. லேண்ட்சாட் 8 வந்தது 2013-இல். ஆக, புயலுக்குப் பிந்தைய ஒரு வருடம் முழுக்கக் கையில் இருப்பது லேண்ட்சாட் 7 மட்டும். அதுவோ 2003 மே 31-இல் வருடித் திருத்தி (படத்தின் வரிகளை ஒழுங்காக அடுக்கும் கருவி) பழுதானதிலிருந்து வரிவரியாகக் கிழிந்த படம். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

கிழிந்த இடத்தைப் பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்பாதீர்கள். நாற்பது ஏக்கர் மேட்டில் அது வெறும் கற்பனை. வரிகள் தேதிக்குத் தேதி கொஞ்சம் நகரும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களைச் சேர்த்து நடு மதிப்பு எடுத்தால் பெரும்பாலும் நிரம்பிவிடும். 2013 தாவலில் ஒரு பங்கு கருவியால் வருவது. லேண்ட்சாட் 8-இன் அகச்சிவப்புப் பட்டை குறுகலானது, என்.டி.வி.ஐ. இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். லேண்ட்சாட் 7-உம் 8-உம் சேர்ந்து பறந்த வருடங்களில் உங்கள் மூன்று சாட்சிகளையும் இரண்டிலும் அளந்து, அந்த வித்தியாசத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் செடி. இதில் முந்திரித் தோப்புச் சாட்சியும் புயலில் அடிபட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். "தோப்பை விட மேடு நன்றாக மீண்டது" என்று 2012-க்கு யாராவது அறிக்கை எழுதினால், மேட்டில் அப்போது விழுவதற்கு மரமே இருந்ததா என்று கேளுங்கள்.

2017 கோடைப் பள்ளத்துக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. மேட்டின் மதிப்பிலிருந்து தோப்பின் மதிப்பைக் கழித்து ஒரு கிராஃப் போட்டால், பள்ளம் பெருமளவு ஆழம் குறையும்.

கிராஃப் ஜோராக ஏறுகிறது, போய்ப் பார்த்தால் கன்றுகள் செத்திருக்கின்றன

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் இங்கே படம் பொய் சொல்லவில்லை. பச்சை இருக்கிறது. நட்ட பச்சை இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் மேட்டுக்குப் போனால் முழங்கால் உயரத்துக்குப் புல். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கோரை, ஓடை ஓரத்தில் நாணல், இடையிடையே கொழுஞ்சியும் ஆவாரையும். படம் 0.55 என்று சொன்னால் அது சரிதான். அதே இடத்துக்கு மே மாதம் போங்கள். புல் வைக்கோலாகிக் காலடியில் நொறுங்கும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு எண்ணினால், குழி தெரிகிறது, குழிக்குள் நட்ட குச்சி தெரிகிறது, குச்சியை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை. அந்தக் கீறலை எல்லாக் கன்றுக்கும் செய்யுங்கள். இலை உதிர்ந்து நிற்கும் கன்றும் செத்த கன்றும் கோடையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நகம்தான் பிரித்துச் சொல்லும்.

ஆகவே ஒரு வருடத்துக்கு ஒரே ஓர் எண் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜனவரி-பிப்ரவரிக்கு ஒன்று, ஏப்ரல்-மே மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் வேண்டும். முதலாவது ஏறி, இரண்டாவது அசையாமல் கிடந்தால் அது புல்வெளி. புல் மட்டமானது என்று சொல்லவில்லை. மண்ணைப் பிடித்து வைப்பதில் முதல் மூன்று வருடத்துக்கு அதற்கு நிகர் இல்லை. உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைத் தீவனத்துக்காகப் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. புல்லைப் புல் என்று எழுதுங்கள், காடு என்று எழுதாதீர்கள்.

இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறினால் கொண்டாடிவிடலாமா? பொறுங்கள். கோடையிலும் வாடாத இன்னொரு ஆள் இருக்கிறது: சீமைக்கருவேலம். மே மாதப் படத்தில் அது முந்திரியைப் போலவே பளிச்சென்று நிற்கும். என்.டி.வி.ஐ. வைத்து இரண்டையும் பிரிக்க நானும் முயன்றிருக்கிறேன், நேரம்தான் வீண். நடந்து போய், 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டத்தில் எந்த இனம் எத்தனை என்று எண்ணுவதுதான் வழி. கட்டம் அவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம் உண்டு. கைபேசியின் இடங்காட்டி நான்கைந்து மீட்டர் தவறும், பிக்சல் 10 மீட்டர். ஒரு மீட்டர் சட்டத்தை ஒரு பிக்சலோடு பொருத்திப் பார்ப்பது ஊசியால் யானையை அளப்பது.

எண்ணும்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். முந்திரித் தோப்பு சாட்சிக்கு நல்லது, இலக்குக்கு ஆகாது. அதுவே மனிதர் நட்டதுதான். இந்தக் கரையோரத்தின் சொந்தக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்க மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். காசானும் வீரையும் தலை கோத்து நிற்கும் குள்ளமான, இருண்ட, வருடம் முழுதும் பச்சையான காடு. அதைப் பார்த்த பிறகு சவுக்கும் தைலமும் வரிசையாக நிற்கும் மேட்டை "மீண்ட நிலம்" என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.

நான்கு வருடம் ஏறி, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது

எந்த உயரத்தில் நின்றது என்று பாருங்கள். 0.8 பக்கம் என்றால் கவலையில்லை. இலை அடர்ந்த பிறகு இந்தக் குறியீடு மேலே போகாது. மரம் வளர்ந்துகொண்டே இருக்கும், எண் மட்டும் நிற்கும். இனிமேல் மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளக்க வேண்டியதுதான்.

0.4, 0.5-இல் நின்றால் பிரச்சினை கீழே. கடப்பாரையை எடுங்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஒரே ஆள், ஒரே வேகத்தில், பத்துப் பதினைந்து இடத்தில் குத்தட்டும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப 'ணங்' என்று நின்றால், டம்பரும் டோசரும் ஓடி இறுகிய அடுக்கு அங்கே இருக்கிறது. நம்பிக்கை வரவில்லையா? மெலிந்த கன்று ஒன்றைப் பக்கவாட்டில் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் ஒரு முழம் நேராக இறங்கி, அங்கேயே மடங்கிப் படுக்கையாக ஓடியிருக்கும். புயல் வந்தால் முதலில் சாய்வது இந்த மரங்கள். எண் வேண்டுமென்றால் இரும்பு வளையத்தை அந்த அடுக்கில் இறக்கி, மண்ணை 105 பாகை செல்சியஸ் சூட்டில் உலர்த்தி, எடையைக் கன அளவால் வகுங்கள். களிமண்ணில் கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம், மணலில் 1.8 கிராம் என்று நெருங்கினால் வேர் திணறுகிறது. இதற்கு உரம் மருந்தில்லை. அடுத்த நடவுக்கு முன் அடுக்கை ஆழமாகக் கிழித்து விட வேண்டும்.

கடப்பாரை சுலபமாக இறங்குகிறது, ஆனாலும் திட்டுத்திட்டாக மொட்டை என்றால் பி.எச். பாருங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கலக்கி அரைமணி நேரம். 4.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு "7 இருக்கிறது, பரவாயில்லை" என்று மூடி வைக்காதீர்கள். கறுப்பு மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால், காற்றும் நீரும் பட்டு மாதக்கணக்கில் மெதுவாக அமிலம் ஊறும். புதிதாகக் கொட்டிய அன்று நல்ல பிள்ளையாக இருந்த மண் அடுத்த வருடம் 4-க்கு வரலாம். சுண்ணாம்பு போடுவதற்கு முன், இன்னும் எவ்வளவு அமிலம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் பெராக்சைடு சோதனை செய்து பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

அடிவாரம் மட்டும் பச்சை, உச்சி மொட்டை

தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. சரிவில் விரல் தடிமனில் ஓடிய கீறல்கள் கை தடிமன் ஆகியிருக்கிறதா என்று வருடாவருடம் ஒரே இடத்திலிருந்து புகைப்படம் எடுத்து வையுங்கள். அதற்கு மேல் இங்கே கணிப்பொறி உதவாது.

ஒரே கட்டம், இரண்டு பேர், இரண்டு எண்

நீங்கள் 40 சதவீதப் பச்சை என்கிறீர்கள், கூட வந்தவர் 60 என்கிறார். இரண்டு பேரும் நேர்மையானவர்கள்தான். கண் மதிப்பீட்டில் இவ்வளவு வித்தியாசம் சாதாரணம். சட்டத்தை நேர் மேலிருந்து கைபேசியில் படமெடுத்து, படத்தின் மேல் நூறு புள்ளி போட்டு, செடி மேல் விழுந்தவற்றை எண்ணுங்கள். சண்டை தீர்ந்துவிடும்.

நடுவில் ஒரு துண்டு மட்டும், கத்தரித்தாற்போல, இறங்கியிருக்கிறது

நோய் இப்படி நேர்கோட்டில் வராது. புல் அறுத்திருப்பார்கள், ஆடு மேய்ந்திருக்கும், இல்லை தீ. எரிந்த இடத்தில் அகச்சிவப்பு இறங்கும், குறுஅலை அகச்சிவப்பு (சென்டினலின் 12-ஆவது பட்டை) ஏறும். மேய்ந்த இடத்தில் இவ்வளவு சுத்தமாகத் தெரியாது. ஆனால் இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், மேட்டடியில் ஆடு ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம்.

"அண்ணே, இந்தப் பக்கம் எப்ப எரிஞ்சுது?"

"தைப்பொங்கல் கழிச்சு ரெண்டாவது செவ்வாக்கிழம. ராத்திரி காத்து அடிச்சுது, அதான் அந்தப் பாதையோட நின்னுடுச்சு."

வீட்டுக்கு வந்து ஜனவரி கடைசிப் படங்களைத் திறந்தேன். முதல் படத்தில் ஒன்றுமில்லை. ஐந்து நாள் கழித்து வந்த படத்தில், பாதையை ஒட்டிக் கோடு கிழித்தாற்போல ஒரு கறுப்புத் துண்டு.